முகமும் வாக்கும்: பிரிட்டிஷ் பணத்தாள்களில் அரச உருவம்

காசில் மன்னன் முகத்தைப் பொறிப்பது மிகப் பழைய மரபு. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த மாக்கோதை வெள்ளிக் காசில் சேர மன்னன் ஒருவனின் முகத்தையும் பெயரையும் ஒருங்கே காண்கிறோம். உலோகத்துக்குரிய இம்மரபு காகிதத்துக்கு எளிதில் வந்துவிடவில்லை. முடியாட்சியைப் போற்றும் இங்கிலாந்திலேயே, 1694-இல் தோன்றிய இங்கிலாந்து வங்கியின் தாளில் அரச முகம் இடம்பெற்றது 1960-இல்தான். இடையில் கழிந்தவை 266 ஆண்டுகள். இத்தாமதம் ஏன் நேர்ந்தது, வந்த முகம் எதற்கு ஈடாக வந்தது என்னும் இரு வினாக்களுக்கு, தொகுப்போர் பேணிவரும் பழைய தாள்களைக் கொண்டே விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

முகமில்லாத் தாள்

இங்கிலாந்து வங்கி அரசுக்குக் கடன் கொடுப்பதற்காகத் தனியார் பங்கு சேர்த்துத் தொடங்கிய நிறுவனம். அது நாட்டுடைமையானது 1946-இல். எனவே அதன் தாளில் நின்றது மன்னரின் ஆணையன்று. பொன்னை ஒப்படைத்தவருக்குக் காசாளர் எழுதிக் கொடுத்த வாக்கு. 'கேட்டவுடன் கொடுப்பேன்' என்ற அவ்வாக்கும், கையொப்பமும், பிரிட்டானியா என்னும் தேவியின் சிற்றுருவமுமே தாளின் உறுப்புகள். ஒருபுறம் மட்டும் கருமையில் அச்சிட்டு, மறுபுறம் வெறுமையாக விடப்பட்ட இத்தாள்கள் 'வெள்ளைத் தாள்' எனப் பெயர் பெற்றன. வங்கிக்கு வங்கி வழக்கம் வேறுபட்டதும் உண்டு. ஸ்காட்லாந்து ராயல் வங்கி 1777-இல் வெளியிட்ட ஒரு கினித் தாளில் மன்னரின் தலை சிவப்பு மையில் விளங்கியது.

இங்கிலாந்து வங்கியின் எளிய தாளுக்கு ஏழை மக்கள் கொடுத்த விலை பெரிது. பிரான்சுடன் நிகழ்ந்த போரால் 1797-இல் தாளுக்குப் பொன் கொடுப்பது நிறுத்தப்பட்டது. ஒரு பவுன், இரண்டு பவுன் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. அதுவரை வங்கித் தாளையே கண்டிராதவர்களும் எழுத்தறியாதவர்களும் அவற்றைக் கையாள நேர்ந்தது. போலி செய்வது எளிது. போலி என்று அறிவதோ அரிது. கள்ளத்தாள் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை. 1797 முதல் 1821 வரை முந்நூற்றுக்கு மேற்பட்டோர் இக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டனர்.

ஜார்ஜ் குரூக்ஷாங்க் என்னும் ஓவியர் 1819-இல் இக்கொடுமையைப் பணத்தாள் வடிவிலேயே கேலிச் சித்திரமாக்கினார். தூக்கில் வரிசையாகத் தொங்கும் உடல்கள், பவுன் குறியாக வளைந்த சுருக்குக் கயிறு, குழந்தையைத் தின்னும் பிரிட்டானியா, காசாளர் இடத்தில் தூக்கிலிடுவோனின் ஒப்பம் ஆகியன அத்தாளின் உறுப்புகள். ஒரு பவுனுக்குக்கூடச் செல்லாத அத்தாள் அக்காலத்தின் மனச்சான்றாக நிலைத்துவிட்டது.

பொன் மறைந்தது, முகம் தோன்றியது

1914 ஆகஸ்டு 4-ஆம் நாள் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. மக்கள் பொன்னைப் பதுக்கிவிடுவர் என்ற அச்சம் பிறந்தது. மூடிக் கிடந்த வங்கிகள் மீண்டும் திறக்கப்பட்ட ஆகஸ்டு 7 அன்று அரசின் கருவூலமே ஒரு பவுன் தாளை வெளியிட்டது. தக்க காகிதம் கிடைக்காமையால் அஞ்சல் தலைக்கென வைத்திருந்த தாளில் அச்சிடப்பட்ட சிறிய துண்டு அது. கருவூலச் செயலர் ஜான் பிராட்பரி ஒப்பமிட்டமையால் மக்கள் அதனை 'பிராட்பரி' என்றே அழைத்தனர். அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருந்தது.

இம்முகம் புதியதன்று. மக்கள் அதுவரை கையில் வைத்திருந்த சவரன் பொற்காசிலும் அதே மன்னர் முகம் இருந்தது. பொன்னைத் திரும்பப் பெற்றுக்கொண்ட அரசு, அதில் இருந்த முகத்தை மட்டும் காகிதத்தில் பதித்து மக்களிடம் கொடுத்தது எனலாம். தாளில் அரச முகம் தோன்றியதன் உட்பொருள் இங்கே விளங்குகிறது: உலோகத்தின் எடை விலகிய இடத்தை நிரப்ப ஓர் அறிமுகமான முகம் தேவைப்பட்டது.

1915-இல் தார்தனெல்ஸ் போர்முனைக்குச் சென்ற படையினருக்காக இத்தாள்கள் சிலவற்றின்மேல் துருக்கி நாட்டு நாணய மதிப்பு அரபு எழுத்தில் அச்சிடப்பட்டது. பகைவர் எழுத்தைத் தாங்கிய மன்னர் முகம் தொகுப்போர் பெரிதும் விரும்பித் தேடும் அரும்பொருள். 1928-இல் கருவூலத் தாள்களின் பொறுப்பு இங்கிலாந்து வங்கிக்கு மாறியது. வங்கி பச்சை நிற ஒரு பவுன் தாளையும் செம்பழுப்பு நிறப் பத்து ஷில்லிங் தாளையும் வெளியிட்டது. மன்னர் மறைந்தார், பிரிட்டானியா திரும்பி வந்தாள்.

காவலாய் வந்த முகம்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் சாக்சன்ஹௌசன் வதைமுகாமில் ஏறத்தாழ 140 கைதிகள் பிரிட்டிஷ் வெள்ளைத் தாள்களைப் போலியாகச் செய்யுமாறு பணிக்கப்பட்டனர். பெரும்பாலோர் யூதர். செய்ய மறுத்தால் சாவு. செய்து முடித்தாலும் சாவு என்ற நிலையில் அவர்கள் வேலை செய்தனர். போலிகள் மிகத் திருத்தமாக இருந்தன. 1943-இல் பத்துப் பவுனும் அதற்கு மேற்பட்டனவுமான தாள்களை வெளியிடுவதை வங்கி நிறுத்தியது. அப்போலித் தாள்களையும் இன்று சிலர் விலை கொடுத்து வாங்கித் தொகுக்கின்றனர். அடிமைப்பட்ட கைகளின் உழைப்பு அது என்ற உணர்வின்றி அத்தாளை ஏட்டில் செருகுவது அறமாகாது.

எளிய வெள்ளைத் தாளின் காலம் 1961-இல் முடிந்தது. அதற்கு ஓராண்டு முன், 1960 மார்ச்சு 17-ஆம் நாள், இரண்டாம் எலிசபெத் அரசியின் முகத்தோடு ஒரு பவுன் தாள் வெளிவந்தது. வரைந்தவர் ராபர்ட் ஆஸ்டின். முகம் அரசியைப் போல் இல்லை என்ற குறைகூறலும் எழுந்தது. அக்குறைகூறலே முகத்தின் பயனைக் காட்டுகிறது. கோடுகளும் பூக்கொடிகளும் சற்றே மாறினால் நம் கண் பொறுத்துக்கொள்ளும். பழகிய முகத்தில் இமையோரம் சிறிது பிசகினாலும் கண்டுகொள்ளும்.

எனினும் முகம் தனியே காவல் செய்துவிடாது. இந்தியாவில் 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த அரசுத் தாள்கள் விக்டோரியா அரசியின் முகத்தைத் தாங்கியிருந்தன. கள்ளத்தாள்கள் பெருகவே 1867-இல் அவை விலக்கப்பட்டன. லண்டன் வங்கித் தாளில் இடம்பெறாத அரச முகம் ஆளப்பட்ட நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உலவியது நோக்கத்தக்கது. பின்னர் 1938-இல் வந்த ஐந்து ரூபாய்த் தாளில் ஆறாம் ஜார்ஜ் முகம் முன்புறம்; பின்புறத்தில் நம் தமிழெழுத்திலும் மதிப்பு இருந்தது.

தொகுப்போர் காண்பன

பொதுமக்கள் தாளில் மதிப்பை மட்டும் பார்ப்பர். தொகுப்போர் ஒப்பத்தைப் பார்ப்பர். ஒரே அரசி முகத்தின் கீழ் ஓ'பிரையன், ஹாலம், ஃபோர்டு, பேஜ் எனத் தலைமைக் காசாளர் மாறிக்கொண்டே வந்தனர். 1999-இல் அப்பதவியேற்ற மெர்லின் லோதர் முதல் பெண். தொடரெண்ணின் முன்னெழுத்தும் பேசும். 1960-ஆம் ஆண்டு வகையில் 'எம்' என்று தொடங்கும் ஒரு பவுன் தாள், அச்சில் பழுதுபட்ட தாளுக்கு மாற்றாகச் சேர்க்கப்பட்டது. முகமோ காலத்தைப் பேசும். 1960-இல் 33 வயது அரசி. 1990-இல் 64 வயது அரசி. பின்னர் 2022-இல் அவர் மறையும்வரை தாளில் அவருக்கு வயது ஏறவில்லை.

மடிப்பில்லாத தாளுக்கே சந்தையில் விலை மிகுதி. ஆனால் வரலாற்றை நாடுவோர்க்கு மடிப்பும் ஒரு சான்று. எத்தனை பைகளில் அது பயணம் செய்தது என்பதை அம்மடிப்பே கூறும். தாளைக் கழுவியும் அழுத்தியும் புதிதாக்குதல் அச்சான்றை அழிப்பதாகும்.

நிறைவாக

1931-இல் பிரிட்டன் பொன் அடிப்படையைக் கைவிட்டது. அதன்பின்னும் 'கேட்டவுடன் கொடுப்பேன்' என்னும் தொடர் தாளில் நீடிக்கிறது. ஐந்து பவுன் தாளைக் கொடுத்தால் மற்றோர் ஐந்து பவுன் தாளே கிடைக்கும். வாக்குக்கு ஈடு வாக்குதான். ஆயினும் அது வெறும் சொல்லாகிவிடவில்லை. புழக்கத்திலிருந்து நீங்கிய தன் தாள் எதுவாயினும், எத்தனை ஆண்டு கழித்துக் கொண்டுவரினும், அதன் முகமதிப்பை இங்கிலாந்து வங்கி கொடுக்கிறது. 2024 ஜூன் 5 அன்று மூன்றாம் சார்லஸ் முகம் தாங்கிய தாள்கள் வந்தபோதும் அரசியின் தாள்கள் செல்லாதவை ஆகவில்லை. முகம் மாறியது, வாக்கு மாறவில்லை.

சொல்லையே செல்வமாகக் கொண்ட கவிஞர்களுக்கு இவ்வரலாறு அயலானதன்று. பொன்னின் துணையின்றி ஒரு சொல் செல்லுபடியாக வேண்டுமாயின், சொன்னவர் அதனைக் காக்க வேண்டும். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம் வழங்கிய சொற்களுக்கும் இதுவே உரைகல்.