கோளத்தின் கனவளவு

ஒரு கோளம் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவே அதன் கனவளவு. ஆரையின் கனத்தைப் பையால் பெருக்கி, வந்ததை 4/3 ஆல் பெருக்கினால் விடை கிடைக்கும். வடமராட்சியின் உடுப்பிட்டியில் அமெரிக்க மிஷன் கல்லூரியிலும் மகளிர் கல்லூரியிலும், நாட்டின் ஏனைய பாடசாலைகளைப் போலவே, தரம் 11 மாணவர் இதைப் படிக்கின்றனர். கோளத்தை உருக்கிக் கூம்பாக வார்க்கும் கணக்கு சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் எவருக்கும் பழக்கமானது. ஆரை 7 செ.மீ. என்றும் பை 22/7 என்றும் தந்துவிட்டால் மாணவருக்குக் கொண்டாட்டம், சுருக்கிவிடலாம். விடை ஏறத்தாழ 1437 கன செ.மீ. இதே கோளத்தைப் பழைய நூல்களின் விதிகளில் இட்டுப் பார்த்தால், இந்தச் சூத்திரம் எத்தனை தடுமாற்றங்களுக்குப் பின் நிலைபெற்றது என்பது விளங்கும்.

முதலில் சரியாகக் கண்டவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்கூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ். கோளத்தை மட்டுமட்டாக உள்ளடக்கும் உருளையின் கனவளவில் மூன்றில் இரண்டு பங்கே கோளம் என்று அவர் நிறுவினார். நெம்புகோலில் வெட்டுமுகங்களை நிறுத்துச் சமன்செய்து அந்த விடையை முன்கூட்டியே ஊகித்திருந்தார் என்பது 1906இல்தான் வெளிப்பட்டது. அவரது எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே பிரார்த்தனைகள் எழுதப்பட்டிருந்த தோல் ஏடுகளை அவ்வாண்டு கொன்ஸ்தாந்திநோப்பிளில் அறிஞர் ஹைபர்க் வாசித்தறிந்தார். சீனரின் பழைய கணித நூலான ‘ஒன்பது அத்தியாயங்கள்’ விட்டத்தின் கனத்தில் 9/16 பங்கு என்றது. நமது கோளத்துக்கு 1543.5. அது தவறு என்று கி.பி. 263இல் கணித அறிஞர் லியூ ஹுயி காட்டினார். சரியான விடையைப் பின்வருவோருக்கு விட்டுவைத்தார்.

இந்தியாவில் தொடக்கம் சறுக்கலோடுதான். கி.பி. 499ஐ ஒட்டிய ஆரியபட்டீயம் பைக்கு 3.1416 என்ற நுட்பமான பெறுமானத்தைத் தருகிறது. அதே நூல் கோளத்துக்கோ, நடுவட்டத்தின் பரப்பளவை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொல்கிறது. நமது கோளத்துக்கு அது 1910 ஆகும். உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். சதுரத்திலிருந்து கனசதுரத்துக்குப் போகும் வழியை ஆரியபட்டர் வட்டத்திலும் பொருத்திவிட்டார் போலும். 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் மகாவீரர் தந்த பருமட்டான விதி சீனரின் அதே 1543.5ஐத் தருகிறது, அவர் ‘நுட்பமானது’ என்ற விதி 1389ஐத் தருகிறது. முன்னதில் கூட, பின்னதில் குறைவு. இன்னொரு கணித அறிஞரான ஸ்ரீதரரின் விதி தரும் 1448 இவற்றைவிட உண்மைக்கு நெருக்கமானது.

தெளிவு பிறந்தது 1150இல், இரண்டாம் பாஸ்கரரின் லீலாவதியில். நடுவட்டத்தின் பரப்பளவை நான்கால் பெருக்கினால் மேற்பரப்பு. அதை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கனவளவு. நடைமுறைக்கு இன்னொரு வழியும் தந்தார்: விட்டத்தின் கனத்தில் பாதியை எடுத்து, அப்பாதியின் 21இல் ஒரு பங்கைச் சேர்ப்பது. நமது கோளத்தில் செய்து பாருங்கள், பரீட்சை விடையே வரும்; 22/7 அதற்குள் ஒளிந்திருக்கிறது. மேற்பரப்பைத் தவறாகச் சொன்ன வானியலாளர் லல்லரை அவர் பெயர்சொல்லியே கண்டித்தார். தம் விதிக்கான காரணத்தையும் உரையில் எழுதினார். நெல்லிக்காயின் கோடுகளைப் போல மேற்பரப்பைக் கீற்றுகளாகப் பிரித்து, சைன் அட்டவணையால் ஒரு கீற்றின் பரப்பைக் கூட்டியெடுத்தார். பிறகு கோளத்தை, நுனி மையத்திலும் அடி மேற்பரப்பிலும் அமைந்த ஊசிகளாகக் கற்பனை செய்தார். ஒவ்வோர் ஊசியும் ஒரு கூம்பகம். அடிப்பரப்பை ஆரையால் பெருக்கி மூன்றால் வகுத்தால் அதன் கனவளவு. எல்லாவற்றையும் கூட்டினால் விதி தானே வந்துவிடும். ஏறத்தாழ 1530இல் கேரளத்தில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை, கோளத்தை மெல்லிய தட்டுகளாகச் சீவிக் கூட்டி, அதே முடிவை இன்னும் இறுக்கமாக நிறுவியது.

தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் அரைப்பரிதியை அரைவிட்டத்தால் பெருக்கி வட்டத்தின் பரப்பளவு காணச் சொல்கிறது. பாஸ்கரரின் வழிக்கு வேண்டிய முதற்படி அதுவே. தமிழகமும் கேரளமும் வளர்த்த வானியல் முறையான வாக்கியக் கணிப்பு யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கமாக இன்றும் புழங்குகிறது. யுக்திபாஷையின் நிறுவல்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அதன் கணிதப் பகுதி விளக்கக் குறிப்புகளோடு 1948இல்தான் அச்சேறியது.

ஐரோப்பியக் கணிதம் குடாநாட்டில் வேரூன்றியதில் அமெரிக்க மிஷனுக்குப் பெரும் பங்குண்டு. 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானியலும் முக்கிய பாடங்கள். அங்கு கற்பித்த ஹொய்சிங்டன் 1848இல் இந்து வானியல் பற்றிய நூலைத் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டார். அங்கே படித்த கறோல் விசுவநாதபிள்ளையின் ‘வீசகணிதம்’ 1855இல் வெளிவந்தது. உள்ளூர் வானியலை இவ்வளவு அக்கறையோடு ஆராய்ந்தவர்கள் அதே மரபின் கோளக் கணிதத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். உடுப்பிட்டியிலும் அதே மிஷன் 19ஆம் நூற்றாண்டில் பள்ளிகளை நிறுவியது.

இன்றைய தரம் 11 பாடத்திட்டத்தில் கூம்பகமும் கோளமும் இரண்டுமே உண்டு. கூம்பகத்தின் கனவளவும் கோளத்தின் மேற்பரப்பும் தெரிந்த மாணவருக்கு, பாஸ்கரரின் ஊசி நிறுவலைக் கரும்பலகையில் செய்துகாட்ட ஒரு பாடவேளை தாராளம். ஆசிரியர்கள் சூத்திரத்தை மனனம் செய்யச் சொல்வதற்கு முன் அந்த ஒரு பாடவேளையை ஒதுக்க வேண்டும்.