உப்பு காட்டும் துரு

பிளாஸ்டிக்கில் யுத்த தாங்கி மொடல் செய்யிறவங்க துருவைக் காட்ட உப்பையும் பாவிப்பாங்க. முதல்ல துருநிறப் பெயின்ட். காய்ஞ்சதும் தண்ணி தெளிச்சு உப்புத் தூவி, மேலே இராணுவப் பச்சை அடிக்கணும். அதுவும் காய்ஞ்சபிறகு உப்பைத் தேய்ச்சு எடுத்தால், அந்த இடங்களில் அடியிலுள்ள துரு தெரியும். புத்தளம் உப்பளப் பக்கம் கடற்காற்றே இந்த வேலையைச் செய்துவிடும்.

வடக்கே ஆனையிறவும் உப்பளம்தான். 1991 ஜூலையில் அங்கிருந்த இராணுவ முகாமை நோக்கிப் புலிகள் இரும்புக் கவசமிட்ட புல்டோசரை ஓட்டினாங்க. இராணுவவீரர் காமினி குலரத்ன கைக்குண்டுகளோடு அதில் ஏறி, அதை நிறுத்தி, உயிரிழந்தார். அந்தப் புல்டோசர் இன்று ஏ9 வீதியோரம் நினைவுச்சின்னமாக நிற்குது. 1/35 அளவில் செய்ய நல்ல மொடல்தான்.

ஆனால் அதற்கு ஒன்பது மாதம் முன், 1990 ஒக்டோபரில், புலிகள் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 70,000 பேரை வெளியேற்றினாங்க. மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினாங்க. பெரும்பாலானவங்களுக்குப் புத்தளம் மாவட்டத்து ஓலைக் கொட்டில்களே வீடாச்சு.

கவச வண்டிக்குச் சின்னம் இருக்கு, மொடல் பெட்டியும் கடையில் கிடைக்கும். அந்த வள்ளங்களுக்கு இரண்டும் இல்லை. மொடல்காரர்கள் வண்டியைச் சுற்றி நிலம், வீடு, மனிதர் எல்லாம் வைத்துச் செய்வதை டயோராமா என்பாங்க. நம்ம கரையில் யாராவது அந்தப் புல்டோசரைச் செய்தால், பக்கத்தில் ஒரு வள்ளத்தையும் வைக்கட்டும். இரும்பின் துருவை அவ்வளவு கவனமாகக் காட்டுகிற கைக்கு அது பெரிய வேலையில்லை.