துருவுக்கும் ஒரு விலை: ரேட் ராட் கார்களின் கதை

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஓர் இயந்திரத்தை வாங்கிய நாளிலிருந்து அதன் மதிப்பு வருடா வருடம் குறைந்துகொண்டே போகும். கடைசியில் மிஞ்சுவது காயலாங்கடை மதிப்பு மட்டும்தான். பேரேட்டில் அந்த இயந்திரத்தின் கதை அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. பேரேட்டில் கதை முடிகிற இடத்தில்தான் அவர்களுடைய கதை ஆரம்பம்!

அவர்கள் கட்டும் கார்களுக்குப் பெயர் ரேட் ராட். 'ரேட்' என்றதும் விலை என்று நினைத்துவிட வேண்டாம், இது எலி. (ஆனால் இந்தக் கதை முழுக்க விலையைப் பற்றியதுதான் என்பது வேறு விஷயம்.) பானெட் இருக்காது. மட்கார்டு இருக்காது. இன்ஜின் அப்பட்டமாக வெளியே தெரியும். பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள், அடித்திருந்தாலும் வெறும் பிரைமரோடு நிற்கும். கூரையை வெட்டித் தாழ்த்தியிருப்பார்கள். பீர் பீப்பாய் பெட்ரோல் டேங்க் ஆகியிருக்கும், பழைய ஸ்பேனர் கதவின் கைப்பிடி ஆகியிருக்கும். பார்த்தால் நான்கு வண்டிகள் மோதி ஒன்றானது போல இருக்கும். உண்மையும் அதுதான். பல வண்டிகளின் மிச்சத்தைச் சேர்த்து வீட்டு ஷெட்டில் கட்டிய ஒரே வண்டி அது.

இப்படி ஒரு விசித்திரமான பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கு சுமார் நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

மலிவில் பிறந்த வேகம்

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908-இல் வந்தபோது அதன் விலை சுமார் 850 டாலர். உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கியது. 1925-இல் மிக மலிவான வகை 260 டாலருக்கே கிடைத்தது. 1927-இல் உற்பத்தி நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரித்துவிட்டார்கள். அடுத்து வந்த மாடல் ஏ 1931 வரை ஓடியது. அதுவும் லட்சக்கணக்கில்தான்.

இவ்வளவு கார்களும் ஒருநாள் பழசாகுமே, அவையெல்லாம் எங்கே போகும்? காயலாங்கடைக்குத்தான். 1929-இல் பொருளாதார வீழ்ச்சி வந்தது. தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்களிடம் புதிய கார் வாங்கப் பணம் இல்லை. ஆனால் சுற்றிலும் பழைய ஃபோர்டு கார்களும் அவற்றின் உதிரிபாகங்களும் குவிந்து கிடந்தன. மழை குறைந்த ஊர் என்பதால் துருவும் குறைவு.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஏறத்தாழ 100 மைல் தள்ளி மொஹாவி பாலைவனம். அங்கே மியூராக் போன்ற வறண்ட ஏரிகள். தண்ணீர் இல்லாத ஏரி என்றால் களிமண் இறுகிப்போன, கண்ணுக்கெட்டிய தூரம் சமதளமான தரை. வாரக் கடைசியில் இளைஞர்கள் அங்கே போய்த் தங்கள் பழைய கார்களை முழு வேகத்தில் விரட்டிப் பார்த்தார்கள்.

வேகத்துக்கு இரண்டே வழிகள்தான். ஒன்று எடையைக் குறைப்பது, இன்னொன்று இன்ஜினின் சக்தியைக் கூட்டுவது. முதல் வழிக்குச் செலவே இல்லை. மட்கார்டு, பானெட், முன்கண்ணாடி என்று ஓடுவதற்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். இன்று அழகுக்காகச் செய்யப்படும் பல விஷயங்கள் அன்று இப்படித் தேவைக்காகச் செய்யப்பட்டவை. இரண்டாவது வழிக்குக் கொஞ்சம் மூளை தேவைப்பட்டது. சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தினார்கள். எட் வின்ஃபீல்ட் என்பவர் செய்த கேம்ஷாஃப்ட்டுகளுக்குத் தனி மவுசு. வேடிக்கை என்னவென்றால், மாடல் டி இன்ஜினுக்கு ஃப்ரான்டெனாக் என்ற பெயரில் பந்தய சிலிண்டர் ஹெட் செய்து விற்றவர்கள் செவர்லே சகோதரர்கள். ஆம், ஃபோர்டின் போட்டியாளராக இன்றும் இருக்கும் செவர்லே காருக்குத் தங்கள் பெயரைத் தந்த அதே குடும்பம்தான்!

1932-இல் ஃபோர்டு இன்னொரு வெடியைக் கொளுத்தியது. எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், 65 குதிரைத் திறன், ரோட்ஸ்டர் வகையின் விலை 460 டாலர். அதுவரை வி8 என்பது பணக்காரர்களின் கார்களில் இருந்த சமாச்சாரம். அது சாதாரண மனிதனின் காருக்கு வந்தது. சில வருடங்களில் அந்த வி8 இன்ஜின்களும் காயலாங்கடைக்கு வந்து சேர்ந்தன. இலேசான பழைய காரில் வி8 இன்ஜினை மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. 'ஹாட் ராட்' என்று பிற்பாடு உலகம் அழைத்த வண்டி இப்படித்தான் உருவானது.

1937-இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவாகி, ஏரிப் பந்தயங்களுக்கு ஒழுங்கும் விதிகளும் வந்தன. பிறகு உலகப் போர். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றது. போர் முடிந்து திரும்பிய இளைஞர்களில் பலர் ராணுவத்தில் வெல்டிங்கும் இன்ஜின் வேலையும் கற்றிருந்தார்கள். காயலாங்கடையிலும் புதுச் சரக்கு வந்திருந்தது. பில் பர்க் என்பவர் 1946-இல் போர் விமானத்தின் கூடுதல் பெட்ரோல் டேங்க்கை வாங்கி, அதையே உடலாக வைத்து ஒரு பந்தயக் கார் கட்டினார். ஒருவர் தூக்கிப் போட்டது இன்னொருவருக்கு மூலதனம் ஆனது.

விலை ஏறிய கதை

1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' பத்திரிகையைத் தொடங்கினார். விலை 25 சென்ட். அதன் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ், 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருவில் போட்டி போட்டுப் போலீஸில் மாட்டிக்கொண்டிருந்த இளைஞர்களை முறையான பந்தயத் தளத்துக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். நல்ல காரியம்தான். ஆனால் பத்திரிகை, சங்கம், கண்காட்சி என்று வந்தால் பின்னாலேயே சந்தையும் வரும் அல்லவா? முன்பு கையால் செய்த பாகங்கள் கேட்லாக்கில் கிடைக்க ஆரம்பித்தன.

1970-இல் இல்லினாய்ஸ் மாநிலம் பியோரியாவில் முதல் தேசிய ஸ்ட்ரீட் ராட் கூட்டம் நடந்தது. பழைய ஃபோர்டு உடல்கள் அரிதாகிவிட்டதால் ஃபைபர் கிளாஸில் புதிதாக வார்த்து விற்றார்கள். 1980-களில் இது உச்சத்துக்குப் போனது. அந்தக் காலத்தின் பெரிய பெயர் பாய்ட் காடிங்டன். அலுமினியக் கட்டியைக் குடைந்து கண்ணாடி போல மின்னும் சக்கரங்களைச் செய்து புகழ்பெற்றவர். அவரே பகலில் டிஸ்னிலேண்டில் மெஷினிஸ்ட்டாக வேலை பார்த்துக்கொண்டு, இரவில் வீட்டு ஷெட்டில் கார் கட்டி வளர்ந்தவர்தான். ஆனால் அவர் காலத்தில் ஹாட் ராட் என்பது கையில் கிரீஸ் படாமலேயே காசோலை எழுதி வாங்கும் பொருளாக மாறியது. சில கார்களை ஓட்டவே மாட்டார்கள். டிரெய்லரில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், மறுபடி டிரெய்லரிலேயே வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அவற்றுக்கு 'டிரெய்லர் ராணி' என்று கிண்டலாக ஒரு பெயரே உண்டு!

1997-இல் இன்னொரு திருப்பம். உலகின் மிக உயர்ந்த கார் அழகுப் போட்டிகளில் ஒன்றான பெபிள் பீச்சில் ஹாட் ராட்களுக்கென்று முதல்முறையாகத் தனிப் பிரிவு வைத்தார்கள். அதில் வென்றது டோன் ஸ்பென்சர் என்பவர் 1940-களில் உருவாக்கிய 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர். கோடீஸ்வரர்களின் டியூசன்பர்க் கார்கள் நிற்கும் அதே புல்வெளியில் அதுவும் நின்றது. கௌரவம்தான். ஆனால் காசில்லாதவனின் வண்டி, காசு இருப்பவனின் சேகரிப்பாகிவிட்டது என்பதும் உண்மை.

எலியின் பதில்

இதற்கு எதிர்வினையாகத்தான் 1990-களில் ரேட் ராட் தலைதூக்கியது. அந்தப் பெயரை முதலில் அச்சில் பயன்படுத்தியவர் 'ஹாட் ராட்' பத்திரிகையின் கிரே பாஸ்கர்வில் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டு ஓட்டும் பைக்குகளுக்கு ஏற்கெனவே இருந்த 'ரேட் பைக்' என்ற பெயரின் தம்பி இது. பாராட்டாகச் சொன்னது அல்ல, ஏளனம்தான். ஆனால் அந்த ஏளனத்தையே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். 1990-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் தொடங்கிய ஒரு கண்காட்சியின் பெயரே 'பில்லெட்ப்ரூஃப்'. குடைந்தெடுத்த அலுமினியத்துக்கு இங்கே இடமில்லை என்று அர்த்தம்!

வீட்டில் ஒரு ரேட் ராட் கட்டுவது எப்படி? முதலில் சேஸிஸ். மாடல் ஏ-வின் சட்டம் ஆங்கில 'சி' எழுத்து போல ஒரு பக்கம் திறந்திருக்கும். 40 குதிரைத் திறனுக்காகச் செய்தது அது. பெரிய இன்ஜின் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். எனவே திறந்த பக்கத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்து பெட்டி போல மூடுவார்கள். பிறகு சட்டத்தை வெட்டி, 'இசட்' எழுத்து போல ஒரு படி ஏற்றி மறுபடி ஒட்டுவார்கள். அப்போதுதான் வண்டி தரையோடு தரையாகத் தாழும்.

அடுத்து இன்ஜின். 1967 முதல் செவர்லே தயாரித்த 350 கன அங்குல வி8 பலருடைய தேர்வு. அதுதான் மிகச் சிறந்தது என்பதற்காக அல்ல. காரிலும் பிக்கப்பிலும் ஏராளமாக வந்ததால் காயலாங்கடையில் எளிதாகக் கிடைக்கும் என்பதற்காக. 1930-களின் இளைஞர்கள் ஃபோர்டு வி8-ஐத் தேர்ந்தெடுத்த அதே காரணம்!

பிறகு கூரையைத் தாழ்த்துவது. தூண்களில் மூன்று நான்கு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டுக் கூரையை இறக்கி ஒட்டுவார்கள். மாடல் ஏ-வில் தூண்கள் கிட்டத்தட்ட நேராக நிற்பதால் வெட்டிய முனைகள் பொருந்திவிடும். பிற்காலக் கார்களில் தூண்கள் சாய்ந்திருக்கும். கூரையை இறக்கினால் முனைகள் ஒன்றையொன்று சந்திக்காது. அப்போது கூரையையே குறுக்கே வெட்டி நடுவில் தகடு சேர்த்து நீட்ட வேண்டும். டிங்கரிங் வேலை தெரிந்தவர்களுக்கு அதில் உள்ள வலி புரியும்.

உயிரும் ஆர்.சி. புக்கும்

இங்கேதான் ஒரு சீரியஸான விஷயம். மாடல் ஏ-வில் இருந்தது கம்பிகளால் இழுக்கப்படும் மெக்கானிக்கல் பிரேக். ஃபோர்டு கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்ததே 1939-இல்தான். இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கை மறந்தவர் எமனுக்கு லிப்ட் கொடுத்தவர் ஆகிறார். ரேட் ராட்களில் முன் ஆக்சிலைச் சட்டத்துக்கு முன்னால் நீட்டித் தொங்கவிடும் ஒரு முறை உண்டு. அதற்குப் பெயரே 'தற்கொலை' அமைப்பு. அங்கே ஒரு வெல்டிங் விட்டுப்போனால் வண்டியின் மூக்கு நேராக ரோட்டில் விழும். பழைய ஹாட் ராட் ஆட்கள் ரேட் ராட்களைப் பார்த்து முகம் சுளிப்பது அழகுக்காக மட்டும் அல்ல, அந்த வெல்டிங்குக்காகவும்தான். துரு ஓர் அலங்காரமாக இருக்கலாம், ஆனால் ஸ்டியரிங் இணைப்பில் அது அலங்காரம் இல்லை.

இன்னொரு தலைவலி பதிவு. சட்டம் ஒரு வருடத்தது, உடல் ஒரு வருடத்தது, இன்ஜின் ஒரு வருடத்தது. இந்த வண்டி எந்த வருட மாடல்? புகைப் பரிசோதனை விதி எதன்படி? கலிபோர்னியா இதற்காக 2001-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உடலோ இன்ஜினோ எந்த வருடத்தை ஒத்திருக்கிறதோ அந்த வருடத்தின் விதிப்படி பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் மாநிலம் முழுவதற்கும் வருடத்துக்கு 500 வண்டிகள்தான், முந்துபவர்களுக்கே முன்னுரிமை என்றது சட்டம். காயலாங்கடையில் மலிவாகக் கிடைக்காத ஒரே பாகம் இந்தக் காகிதம்தான்.

மறுபடியும் விலை

ரேட் ராட்டாவது மலிவாகவே இருந்ததா என்றால், இல்லை. அதுவும் ஃபேஷன் ஆனது. துரு பிடிக்காத தகட்டில் உப்பும் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தெளித்து அவசரத் துரு ஏற்றுகிறார்கள். அந்தத் துரு மேலும் பரவாமலிருக்க மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் பூசுகிறார்கள்! கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் செலவுப் பக்கம் எழுதப்படும். இங்கே தேய்மானத்தையே செலவு செய்து தயாரித்து, சொத்துப் பக்கம் எழுதுகிறார்கள். மலிவாகப் பிறந்த ஹாட் ராட் விலை ஏறியது. அதற்கு எதிராக எலி வந்தது. எலிக்கும் விலை வந்துவிட்டது.

அப்படியானால் சந்தைதான் ஜெயித்ததா? முழுவதும் இல்லை. வீட்டில் கட்டப்படும் வண்டியில் எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு பதிவு இருக்கிறது. வேலை முடிந்து வந்து இரவில் ஷெட்டில் செலவழித்த நேரம் அது. அதற்குக் கூலி போட்டுப் பார்த்தால் எந்த ரேட் ராட்டும் நஷ்டம்தான். கட்டுபவர்களுக்கும் அது தெரியும். 1930-களில் மட்டகார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மியூராக்குக்குப் போனவர்களும் கூலிக் கணக்குப் பார்த்ததில்லை.

ஆகவே ஒரு வண்டி உண்மையான ரேட் ராட்டா என்று தெரிந்துகொள்ளத் துருவைப் பார்த்துப் பயனில்லை. அதன் சொந்தக்காரரின் விரல் நகங்களைப் பார்த்தால் போதும்.