வாயில் காக்கும் முன்னோர்: கனாக் மக்களின் மரச்சிற்ப மரபு

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, தென் பசிபிக் கடலில் நியூ கலிடோனியா என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. ஏறத்தாழ 3000 ஆண்டுகளாக அங்கு வாழ்ந்து வருபவர் கனாக் என்னும் மெலனீசியத் தொல்குடியினர். 28 மொழிகளைப் பேசும் இம்மக்களிடையே ஐரோப்பியர் வருமுன் எழுத்து வழக்கு இருந்ததில்லை. முன்னோரின் பெயரும் புகழும் சொல்லிலும் மரத்திலுமே நிலைபெற்றன.

இச்சிற்பங்களின் பொருளை உணரக் குலத்தலைவனின் பேரில்லத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். வட்ட வடிவினதாய், கூம்பாக உயர்ந்த கூரையுடன் அமைவது அவ்வில்லம். நடுவே நிற்கும் பெருந்தூண் தலைவனையும், சுற்றி நிற்கும் தூண்கள் அவனைச் சார்ந்த குலங்களையும் குறிக்கும். கூரையின் உச்சியில் ஈட்டி போன்றதொரு முடிச்சிற்பம். அதன் இடையே முன்னோர் முகம். மேலே கோத்த சங்குகள். வாயிலின் இருமருங்கும் அகன்ற மரப்பலகைகள். வாயிலோ மிகத் தாழ்ந்தது. தலைவனைக் காண வருபவர் எத்தகையவராயினும் குனிந்தே உள்ளே புக இயலும். குனியும்போது பலகையிலுள்ள முன்னோர் அவரை நோக்குவர்.

இப்பலகைகள் கூர்ந்து காணத்தக்கவை. மேற்பகுதியில் அகன்ற மூக்குடன் பெருமுகம் ஒன்று. அதன் கீழே கையில்லை, காலில்லை. கோணக் கோடுகளும் சாய்சதுரங்களுமே நிரைநிரையாகச் செல்கின்றன. புதிதாய்க் காண்பவர் இவற்றை அழகுக்கான கோலம் என்று எண்ணிவிடுதல் இயல்பே. பாயில் சுற்றிக் கட்டிய இறந்தோர் உடலின் வடிவு இது என்பர் ஆய்வாளர். செதுக்கக் கொள்ளும் மரம் பெரும்பாலும் ஹூப். அத்தீவுகளுக்கே உரிய அம்மரம் எளிதில் உளுத்துப் போகாது. அதன் முதுமரம் குலத்தின் மூத்தோனாகவே எண்ணப்படும். இரும்பு வருமுன் கல் வாய்ச்சியால் அதனைச் செதுக்கினர்.

கனாக் நெறியில் பெயரும் நிலமும் தந்தைவழி வருவன. குருதியும் உயிரும் தாய்வழி வருவன. ஆகவே தலைவன் இறந்தால், அவ்வுயிரைத் தந்த தாய்மாமன் வழியினர் துக்கத்திற்கு வந்து, தம் இழப்பைக் காட்டும் வகையில் பேரில்லத்தின் சிற்பங்களைக் கோடரியால் வெட்டுவதுண்டு. அருங்காட்சியகங்களில் உள்ள சில பலகைகளில் காணும் வெட்டுத் தழும்புகளைச் சிதைவு என்று கொள்வது பெரும்பிழை. அழகு குன்றினும் அத்தழும்புகளாலேயே சிற்பத்தின் வரலாறு நிறைவு பெறுகிறது. என்றும் அழியாது காத்தல் என்னும் அருங்காட்சியகக் கொள்கை இம்மரபுக்கு எவ்வளவு அயலானது என்பதும் இதனால் விளங்கும்.

1902-ல் அத்தீவுக்கு வந்த பிரெஞ்சுச் சமயத்தொண்டரும் இனவியலாளருமான மொரீஸ் லீனார்ட், 1947-ல் வெளியிட்ட ‘தோ காமோ’ என்னும் நூலில் ஹுவைலு வட்டார மொழியின் ‘நோ’ என்ற சொல்லை விரிவாக ஆராய்ந்தார். பேச்சு, எண்ணம், செயல் ஆகிய மூன்றையும் அவ்வொரு சொல்லே சுட்டும். கவிஞர்கள் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. வாயிலில் நிற்கும் சிற்பமும் அம்மக்களுக்கு முன்னோர் உரைத்த வாக்கே.

பிரான்சு 1853-ல் இத்தீவுகளைக் கைப்பற்றியது. நிலப்பறிப்பு தொடர்ந்தது. 1878-ல் எழுந்த கிளர்ச்சியின் தலைவர் அதாயி கொல்லப்பட்டார்; துண்டிக்கப்பட்ட அவர் தலை பாரீசுக்கு அனுப்பப்பட்டது. ஊர்கள் எரியுண்டன. 1887 முதல் 1946 வரை தனி அடக்குமுறைச் சட்டத்தின்கீழ்க் கனாக் மக்கள் வாழ நேர்ந்தது. பேரில்லங்கள் அருகின, சிற்பங்கள் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன.

மீட்சிக்கு வித்திட்டவர் ழான் மரி ஜிபாவு. 1975-ல் ‘மெலனீசியா 2000’ என்னும் பெருவிழாவை நூமெயாவில் நடத்திக் கனாக் பண்பாட்டை உலகின்முன் நிறுத்தினார் அவர். கூரையின் முடிச்சிற்பம் 1984-ல் விடுதலை இயக்கக் கொடியில் இடம்பெற்றது. 1989-ல் ஜிபாவு சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரால் நூமெயாவில் எழுந்த பண்பாட்டு மையம் 1998-ல் திறக்கப்பட்டது. சிதறிய சிற்பங்களை நாடுதோறும் தேடிப் பட்டியலிடும் பணியில் ரோஜே புலே என்னும் பிரெஞ்சு அறிஞரின் உழைப்பு பெரிது.

அயல்நாட்டில் தங்கிவிட்ட சிற்பங்களைக் கனாக் அறிஞர்கள் ‘தூதர்கள்’ என்று அழைத்தனர். பெருந்தன்மை மிக்க சொல் அது. எனினும் தூதர் எனின் அனுப்பியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். இவற்றுள் பலவற்றை அம்மக்கள் விரும்பி அனுப்பவில்லை. கனாக் பொருள்கள் திரும்பி வருவதற்குத் துணைபுரிவதாக 1998-ஆம் ஆண்டு நூமெயா உடன்படிக்கையில் பிரெஞ்சு அரசு உறுதி கூறியது. அதாயியின் தலை 2014-ல் தீவு திரும்பியது. மரத்தில் வாழும் முன்னோர் பலர் இன்னும் ஐரோப்பாவிலேயே உள்ளனர்.