மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

போர்க்கால வரலாற்றை எழுதுவோர் படைகளின் நகர்வையும் உடன்படிக்கைகளின் வாசகங்களையும் விரிவாகக் குறிப்பர். அக்காலத்து மக்கள் எதனை எரித்து விளக்கேற்றினர், எதில் ஏறி மருத்துவமனைக்குச் சென்றனர் என்பன போன்ற செய்திகள் அடிக்குறிப்பிற்கூட இடம்பெறுவதில்லை. மலாயாவில் 1942 முதல் 1945 வரை நடந்த சப்பானியர் ஆட்சியையே எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் கிடைக்காமையால் பேருந்துகளில் கரி எரிக்கும் உலை பொருத்தப்பட்டு, அதிலிருந்து எழுந்த வாயுவைக் கொண்டு அவை ஓட்டப்பட்டன. முதியோர் பலர் இதனை வாய்மொழியாகச் சொல்லிச் சென்றனர். பாடநூல்களிலோ இதற்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. இதனை ஒத்த, இதனினும் நீண்ட ஒரு சோதனை யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990ஆம் ஆண்டு தொடங்கி ஐந்தாண்டுகளுக்கு மேல் நிகழ்ந்தது. மலாயாவின் இரயில்வே பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியோர் வாழ்ந்த மண் அது. ஆதலின் இந்நாட்டு வாசகர்க்கு அவ்வூர் அந்நியமன்று.

அங்கே ஓடிய கார்கள் பெரும்பாலும் ஆங்கில நாட்டுக் கார்கள். 1947 முதல் 1954 வரை உருவான ஆஸ்டின் ஏ-40 வகையின் டெவன், சோமர்செட் ஆகியவை, 1951இல் வெளிவந்த சிறிய ஆஸ்டின் ஏ-30, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்போர்டு, 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி 1971 வரை செய்யப்பட்ட மோரிஸ் மைனர் என இவற்றை அடுக்கலாம். 1960களின் தொடக்கத்தில் இலங்கை அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977இல் பொருளாதாரக் கொள்கை மாறும் வரையில் அக்கட்டுப்பாடு நீடித்தமையால், முன்பே வந்து சேர்ந்த கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இந்தக் கட்டாயத்தில் பயிற்சி பெற்றனர்.

இக்கார்களின் எண் பலகையே ஒரு வரலாற்று ஏடு எனலாம். 1957க்கு முற்பட்டவை ஆங்கில எழுத்துகளைத் தாங்கின. அவ்வாண்டு முதல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பலகை புகுத்தப்பட்டது. தமிழ்ப் பகுதிகளில் அவ்வெழுத்தின்மீது தார் பூசினர். தமிழ் எழுத்தை இட்டு ஓட்டினர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்திற்கு முன்னோடியாக அமைந்த நிகழ்ச்சிகளுள் இந்த எழுத்துப் போராட்டமும் ஒன்று. கார் என்பது வெறும் இரும்பன்று என்பதை இந்நாடு அன்றே அறிந்திருந்தது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. கொழும்பிலிருந்து வந்த இரயில் நின்றது; மின்சாரம் அற்றுப்போயிற்று. பெட்ரோல், டீசல், மின்கலம் முதலான பல பொருள்கள் குடாநாட்டுக்குள் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மக்கள் சைக்கிளின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்டனர். மாணவர்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துத் தேர்வெழுதினர். நாளிதழ் கோடிட்ட பயிற்சிப் புத்தகத் தாளில் அச்சாயிற்று. மறைவழியாக வந்த பெட்ரோல் யானை விலை, குதிரை விலை விற்றது. மண்ணெண்ணெய் மட்டும், விலை மிகுந்தும் அளவு குறைந்தும், வந்துகொண்டிருந்தது. ஆகவே பெட்ரோலுக்கென்று செய்யப்பட்ட கார்கள் மண்ணெண்ணெயைக் குடிக்கத் தொடங்கின.

இது முற்றிலும் புதுமையன்று. 1917இல் வெளிவந்த போர்ட்சன் உழவு எந்திரமும், பின்னர் பெர்குசன் எந்திரத்தின் ஒரு வகையும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடுமாறு செய்யப்பட்டிருந்தன. முதலிற் சிறிது பெட்ரோலில் எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, பின்னர் குழாயை மாற்றித் திருப்புவது உழவர் முறை. காரணம் எளிது. பெட்ரோல் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவதில்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டாவது தொட்டிக்கு ஊற்றுமளவு பெட்ரோல் ஏது? ஒரு சிறு போத்தலில் வைத்திருந்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டரின் வாயில் விட்டு, முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினர். மின்கலம் செத்த காரிலும் இது நடக்கும். 1977க்குப் பின் வந்த சப்பானியக் கார்களுக்கு அத்தகைய கைப்பிடியில்லை. எரிவாயுவை அவை எட்டு அல்லது ஒன்பது மடங்கு அழுத்தின. ஆஸ்டின் ஏ-40 ஏறத்தாழ ஏழு மடங்கே அழுத்தும். போர்க்கால இங்கிலாந்தில் தரங்குறைந்த பெட்ரோலே விற்கப்பட்டது. அந்நிலை 1953 வரை நீடித்தமையால் அக்காலக் கார்கள் அதற்கேற்பவே வடிவமைக்கப்பட்டன. ஒரு நாட்டின் பற்றாக்குறைக்கென்று செய்த எஞ்சின், நாற்பதாண்டு கழித்து வேறொரு நாட்டின் பற்றாக்குறைக்குக் கைகொடுத்தது.

ஆயினும் இக்குடிமாற்றத்தின் கேடு முதலில் வந்து தாக்கிய இடம் ஒன்றுண்டு. எஞ்சினின் அடிப்பாகமாகிய உருளைக்கட்டுக்கும், அதன்மேல் மூடிபோல் அமரும் தலைப்பாகத்துக்கும் இடையே ஒரு மெல்லிய தகடு இருக்கும். மெக்கானிக்குகள் அதனை ‘ஹெட் கேஸ்கெட்’ என்பர். இரு செப்புத் தகடுகளுக்கிடையே கல்நாரை வைத்து அமைத்தது அது. எரியும் வாயுவை உருளைக்குள்ளும், தண்ணீரை அதன் பாதையிலும், எண்ணெயை அதன் துளையிலும் தனித்தனியே நிறுத்தி வைப்பது அத்தகட்டின் வேலை. அடுத்தடுத்த இரண்டு உருளைகளுக்கிடையே அது விரற்கடையினும் குறுகியிருக்கும். மண்ணெண்ணெய் சீராக எரியாது; அழுத்தத்தில் தானே வெடித்து, சம்மட்டியால் அடித்தாற்போல் எஞ்சினைத் தட்டும். அந்தத் தட்டலும் மிகுவெப்பமும் சேர்ந்து அக்குறுகிய இடத்தைத் தின்றுவிடும். பின்னர் இரண்டு உருளைகள் வலுவிழக்கும். அல்லது வாயு தண்ணீரில் கலந்து ரேடியேட்டரில் குமிழியாய் எழும். அல்லது தண்ணீர் எண்ணெயில் இறங்கும்.

இங்கே ஓட்டுநர் எதிர்கொண்ட இடுக்கணை எண்ணிப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் ஆவியாக எஞ்சின் நன்கு சூடாக இருத்தல் வேண்டும். உழவு எந்திரத்தில் இதற்கென ரேடியேட்டரைத் திரையிட்டு மறைப்பதும் உண்டு. பழுதான கேஸ்கெட்டோ குளிர்ச்சியை வேண்டும். சூட்டைக் குறைத்தால் எரியாத எண்ணெய் உருளைச் சுவர் வழியே வழிந்து அடித்தொட்டிக்குச் சென்று மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். சூட்டைக் கூட்டினால் தகடு கருகும். தட்டலைத் தணிக்கத் தீப்பொறியின் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளலாம். பின்தள்ளினாலோ எஞ்சின் மேலும் சூடாகும். எப்பக்கம் திரும்பினும் ஒரு கேடு. இவ்விரண்டுக்கும் நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதையைக் காதாலும் மூக்காலும் கண்டறிவதே அவர்களுடைய கலையாக இருந்தது.

எண்ணெய் அளக்கும் கோலை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். அனுபவமில்லாதவன் மகிழ்வான். அறிந்தவனோ நிறத்தைப் பார்ப்பான். பால் கலந்த தேநீர் போல் இருந்தால் தண்ணீர். கருத்து, நீர்த்து, மண்ணெண்ணெய் மணந்தால் எரியாத எண்ணெய். முன்னதற்கு எஞ்சினைத் திறந்தாக வேண்டும். பின்னதற்கு மசகெண்ணெயை மாற்ற வேண்டும். மாற்றப் புதிய எண்ணெய் கிடைப்பதும் அரிது.

புதிய கேஸ்கெட் கிடையாதபோது பழையதையே மீண்டும் இடுவது பழுதுபார்ப்போர் பல நாடுகளிலும் கையாண்ட முறை. நசுங்கி இறுகிய செம்பைச் செஞ்சூட்டில் காய்ச்சினால் அது மீண்டும் மென்மையாகும். தண்ணீரில் அமிழ்த்தினாலும் இரும்பைப் போலக் கடினப்படாது. கன்னார் தொழிலில் வழிவழியாக அறிந்த செய்தி இது. மாணவர்க்கு உலோகவியலின் முதற் பாடமாகவும் இதனைச் சொல்லலாம். அடுத்து, தலைப்பாகத்தின் அடிமுகம் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்த்துச் சமன் செய்ய வேண்டும். ஆஸ்டினின் வார்ப்பிரும்புத் தலை இத்துன்பத்தைப் பொறுத்தது. அலுமினியத் தலையாயின் எளிதில் முறுக்கிக்கொண்டிருக்கும். இறுதியில் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, இடமும் வலமுமாக வெளிநோக்கிச் சிறிது சிறிதாக முடுக்குதல் வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்குபவன் வேலை தெரியாதவன். ஓடிச் சூடான பின் மீண்டும் ஒருமுறை முடுக்கவும் வேண்டும். எஞ்சினைத் திறக்க நேரமோ கருவியோ இல்லாதவிடத்து, ரேடியேட்டரில் முட்டை வெண்கருவோ தவிடோ இட்டுக் கசிவை அடைக்கும் பாமர வைத்தியமும் உலகெங்கும் உண்டு. சில நாள் தாங்கும். பின்னர் ரேடியேட்டரின் நுண்குழாய்களும் சேர்ந்து அடைபடும்.

குடாநாட்டின் நிலமும் இதில் ஒரு பகைவனாக நின்றது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கற்பாறைமேல் அமைந்த பூமி, ஆறு கிடையாது, கிணற்று நீரே வாழ்வு. அந்நீரின் சுண்ணாம்பு கொதிக்கும் கெண்டியின் அடியில் வெண்படலமாகப் படிவதை இல்லத்தரசியர் நன்கு அறிவர். அதே படலம் எஞ்சினின் நீர்ப்பாதையிலும் படியும். கசியும் கேஸ்கெட்டால் குறையும் நீரை நாள்தோறும் கிணற்று நீரால் நிரப்ப நிரப்பப் படலம் தடிக்கும், வெப்பம் வெளியேறாது, கேஸ்கெட் மேலும் கருகும். மழைநீர் இருப்பின் அதுவே மேல்.

இவ்வளவு பாடும் எதற்காக? நலமுடையோர் சைக்கிளிற் சென்றனர். அக்காலத்து யாழ்ப்பாணத்தின் உண்மையான ஊர்தி சைக்கிளே. கார் என்பது சைக்கிளில் அமர முடியாதவர்க்கு உரியது: நோயாளி, காயமுற்றவர், பிரசவ வேதனையிலுள்ள பெண். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனை இருபது மைலுக்குச் சற்று மேல். செம்பும் கல்நாருமாகிய ஒரு தகடு அந்த இருபது மைல் தாங்குமா என்பதே அவ்வேளையில் உயிர் வினாவாக இருந்தது. வெண்புகையும் மண்ணெண்ணெய் நெடியும் சூழ வந்த வண்டியை எவரும் ஏளனம் செய்ததில்லை. 1991இன் இறுதியில் தரைவழிகள் அடைபட்ட பின்னர், கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் படகேறிக் கடப்பதே தெற்கு நோக்கிச் செல்லும் வழியாயிற்று. முதியோரை அந்தத் துறைவரை கொண்டுசேர்க்கவும் கார்கள் தேவைப்பட்டன.

மாட்டு வண்டி, தோணி, பனைத் தொழில் ஆகியவற்றின் சொற்களைத் தொகுத்த அறிஞர்கள் பட்டறைகளில் வழங்கிய சொற்களையும் செய்முறைகளையும் தொகுக்கவில்லையே என்பது ஒரு குறைதான். கைகள் கரியேறிய தொழிலாளி ஏட்டில் எழுதமாட்டான். எழுதத் தெரிந்தவன் பட்டறைக்குள் நுழைவதில்லை. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய குறையன்று.

1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், படை நெருங்கிய செய்தி பரவ, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். மழை பெய்தது. நாவற்குழி வழியாகச் சாவகச்சேரி பத்து மைல் தொலைவுதான். ஆயினும் அதனைக் கடக்கப் பலர்க்கு ஓர் இரவும் ஒரு பகலும் ஆயின. சைக்கிள், உழவு எந்திரம், மாட்டு வண்டி, கார் அனைத்தும் மனிதர் நடையினும் மெதுவாக ஊர்ந்தன. அத்தகைய ஊர்வில் காற்று ரேடியேட்டரினூடே புகுவதில்லை. விசிறியும் வேகமாகச் சுழல்வதில்லை. பழுதுபட்ட கேஸ்கெட்டுக்கு இதனினும் கொடிய சோதனை வேறில்லை. இயங்காது நின்ற வண்டியைத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளே முதியவர் இருந்தால் விட்டுச் செல்லவும் இயலாது.

டிசம்பரில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கைக்குச் சென்றது. அடுத்த ஆண்டில் மக்கள் பெருந்தொகையினராய்த் திரும்பினர். எரிபொருள் கப்பலில் வரத் தொடங்கிற்று. 2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்தம் கையெழுத்தாகி, ஏப்ரலில் கண்டி நெடுஞ்சாலை திறந்தது. சப்பானிய வேன்களும் மூன்று சக்கர வண்டிகளும் அதன் வழியே வந்து சேர்ந்தன. யாழ்ப்பாண நகரின் வாடகைக் கார் நிலையத்தில் ஐம்பதுகளின் ஆங்கில நாட்டுக் கார்கள் அதன் பின்னரும் சில ஆண்டுகள் வரிசையாக நின்றன. அப்போது அவை மீண்டும் பெட்ரோலில் ஓடின.