காது வளர்த்த காலமும் காது தைத்த காலமும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் தெங்காவில் இன்று ஒரு பெண்ணுக்குக் கனத்த கம்மலால் காதுமடல் கிழிந்துவிட்டால், அதைத் தைத்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. மருத்துவர் மடலில் மரப்பு ஊசி போடுவார். துளையின் உள்ளோரத்தில் வளர்ந்திருக்கும் தோலை மெல்லிதாகச் சீவி எடுப்பார், பச்சைப்புண்ணான இரு விளிம்புகளையும் சேர்த்துத் தைப்பார். அந்தத் தோலைச் சீவாமல் எத்தனை தையல் போட்டாலும் காது ஒட்டாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, தழும்பின் மேல் இல்லாமல் சற்றுத் தள்ளி மறுபடி காது குத்திக்கொள்ளலாம்.

இதை அழகுச் சிகிச்சை என்ற புதுப் பட்டியலில் சேர்த்துவிட்டோம். தமிழ்ப் பெண்களின் காதைப் பொறுத்தவரை இது நெடுங்கதையின் பின்பகுதி மட்டுமே.

பழைய மருத்துவ நூலான சுசுருத சங்கிதையின் சூத்திரஸ்தானம் என்ற பகுதியில் 16ஆம் அத்தியாயம் பெரும்பாலும் காதைப் பற்றியது. குழந்தைக்கு ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் காது குத்த வேண்டும். ஆணுக்கு முதலில் வலக்காது, பெண்ணுக்கு இடக்காது. மடலை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒளி ஊடுருவும் இடம் பார்த்துக் குத்தச் சொல்கிறது நூல். பிறகு பஞ்சுத் திரி இட்டு எண்ணெய் விட்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை இன்னும் தடித்த திரியாக மாற்ற வேண்டும். இப்படி வளர்த்த காது அறுந்துபோவதும் உண்டு என்பதால் அதை ஒட்டவைக்கும் 15 முறைகளையும் அதே அத்தியாயம் தருகிறது. விளிம்பைக் கீறிப் பச்சையாக்கு, பொருத்து, தேனும் நெய்யும் தடவு, பஞ்சோ துணியோ சுற்றி நூலால் கட்டு, இறுக்கவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம். நோயாளி தீயருகே போகக் கூடாது, பகலில் தூங்கக் கூடாது, அதிகம் பேசவும் கூடாது. மடலே இல்லாதவருக்குக் கன்னத்துச் சதையை, ஒரு பக்கம் ஒட்டியபடியே விட்டு, எடுத்துப் பொருத்தலாம் என்கிறது. 1794இல் லண்டன் இதழ் ஒன்று, புனே பக்கத்தில் இதே போல் சதையை எடுத்துப் பொருத்திச் செய்த மூக்குச் சிகிச்சையைப் படத்தோடு வெளியிட்ட பிறகே ஐரோப்பிய மருத்துவர்கள் இந்தக் கலையைக் கற்கத் தொடங்கினார்கள். மருத்துவர் ஜோசப் கார்ப்யூ லண்டனில் அதைச் செய்து பார்த்தது 1814இல். மூக்கின் கதை உலகப் புகழ் பெற்றது. காதின் கதைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஆனால் தென்னாட்டு மக்களுக்கு நெருக்கமானது காதுதான்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம், மதுரைப் பக்கங்களில் பெண்குழந்தைக்குக் காது குத்தியதும் துளையில் பஞ்சு அடைப்பார்கள். துளை விரிய விரிய, ஈயத்தாலான குணுக்கை மாட்டுவார்கள். மடல் தோளை நோக்கி இறங்கும். பின்பு பாம்படம், தண்டட்டி, முடிச்சு, பூச்சிக்கூடு என்று அந்தந்த ஊருக்கும் சாதிக்கும் உரிய நகை ஏறும். பலவற்றில் அரக்கை உள்ளே வைத்துப் பொன்தகட்டால் மூடியிருப்பார்கள். அது அழகு மட்டுமல்ல. நிலம் ஆண்களின் பெயரில் இருந்த காலத்தில், ஒரு பெண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய சொத்தும் அதுதான். பஞ்சத்தில் அடகுக்குப் போவதும் அது. திருடன் கை நீளுவதும் அதன் மேல்தான். 2023இல் வெளிவந்த ‘தண்டட்டி’ திரைப்படம் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து காணாமல்போன நகையைச் சுற்றியே நகர்கிறது.

இந்தக் காதுகளும் மலாயாவுக்குக் கப்பல் ஏறின. 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த வெல்லெஸ்லி மாநிலம்தான் இன்றைய செபராங் பிறை. புக்கிட் தெங்காவும் அதில் அடக்கம். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டார்கள். 1910இல் ஒப்பந்தமுறை நின்றது, ஊரிலிருந்து ஆள் திரட்டும் கங்காணி முறை தொடர்ந்தது, கரும்பு இருந்த இடத்தை ரப்பர் பிடித்தது. இப்பகுதியும் அடங்கிய அன்றைய நீரிணைக் குடியேற்றங்களின் படத் தபாலட்டைகளில் தமிழ்ப் பெண்களின் காதுகளைப் பார்க்கலாம்: மடலிலும் மேற்காதிலும் நகை, மூக்கின் இருபுறமும் நகை. வெள்ளைக்காரப் படக்காரருக்கு அது விற்பனைச் சரக்கு. படத்திலுள்ள பெண்ணுக்கோ ஊரிலிருந்து உடன் வந்த ஒரே சேமிப்பு.

பிறகு காலம் மாறியது. தென்தமிழகத்தில் கிறிஸ்தவ மிஷன்கள் நகையை ஆடம்பரமாகப் பார்த்தன. டோனாவூரில் மிஷனரி அமி கார்மைக்கேலோடு ஊழியம் செய்த பொன்னம்மாள் முதலிய பெண்கள் நகைகளைக் கழற்றியே வைத்தார்கள். பள்ளிக்கூடமும் பட்டணமும் பேருந்தும் மற்றதைச் செய்தன. ஆனால் பாம்படத்தைக் கழற்றிவிட்டால், நீண்ட மடல் வெறுமையாகத் தொங்கும். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போய் மடலை வெட்டித் தைத்துக்கொண்டு, சிறு கம்மலுக்கு இடம் செய்துகொண்டார்கள். 1948இல் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து விற்பனைக்கு வந்தது. அது பரவியதும் இந்த வேலையின் வலி வெகுவாகக் குறைந்தது. கழற்றிய பாம்படம் உருகிச் சங்கிலியாகவும் வளையலாகவும் பேத்திகளின் கழுத்துக்கும் கைக்கும் போனது.

மலேசியாவிலேயே இதற்கு இணை உண்டு. சரவாக்கின் கென்யா, காயான், கெலபிட் இனப் பெண்களும் பித்தளைக் கனம் மாட்டிக் காது வளர்த்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மதமும் பள்ளியும் அங்கும் புகுந்தன. அவர்களிலும் பலர் மடலை வெட்டிக்கொண்டார்கள். வெட்டாமல் வைத்திருக்கும் மூதாட்டிகளை இன்று உலகப் புகைப்படக்காரர்கள் தேடிப் போகிறார்கள். நம் பாட்டிகளின் காதை அந்த அளவுக்கு யாரும் தேடவில்லை என்பது வருந்த வேண்டிய விஷயம். ஒரு பெண் தன் உடம்பின் அடையாளத்தைத் தானே மாற்றத் துணிந்தது சிறிய முடிவல்ல. மாமியாரும் ஊரும் என்ன சொன்னார்கள், எந்த வயதில் ஆஸ்பத்திரிக்குப் போனார், கூட யார் வந்தார் என்பதையெல்லாம் தைத்த காதுடைய முதியவர்களிடம் அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கத்தி யார் கையில் இருக்கலாம் என்பதற்கு இப்போது சட்டம் உண்டு. மலேசியாவில் தனியார் கிளினிக்குகள் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற வேண்டும். அழகுச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்குச் சுகாதார அமைச்சு தனி வழிகாட்டுதலும் சான்றும் வைத்திருக்கிறது. காது தைக்கப் போகிறவர் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். குடும்பத்தில் தழும்பு தடித்து வளரும் இயல்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும், ஏனென்றால் காதுமடல் அதற்குப் பேர்போன இடம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் வழக்கத்தைப் பினாங்குத் தமிழர்கள் விடவில்லை. பஞ்சும் குணுக்கும்தான் போய்விட்டன. இப்போது குத்திய துளையில் சிறு பொன்கம்பியோ தோடோ ஏறுகிறது.