அச்சே யுத்தமும் ஒல்லாந்தர் துப்பாக்கியும்

படைக்கலம் சிறந்தோனுக்கே வெற்றி உரியதென்பர். அக்கூற்று எத்துணை மெய்யுடைத்தென்பதைச் சுமத்திராத் தீவின் வடகோடியிலுள்ள அச்சே நாட்டின் சரித்திரங்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1873-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒல்லாந்தர் அச்சே சுல்தான்மீது போர் தொடுத்தனர். ஏப்ரல் 14-ஆம் தேதி பெரிய பள்ளிவாசலருகே அவர்தம் தளபதி கோலர் குண்டுபட்டு மாண்டார். சேனையும் கப்பலேறி மீண்டது. ஆண்டிறுதியில் பெருஞ்சேனையொன்று மறுபடியும் போந்து தலைநகரைக் கைப்பற்றிற்று. ஆயினும் யுத்தம் முடிந்திலது.

அக்காலத்து ஒல்லாந்தர் கைக்கொண்ட போமோன் துப்பாக்கி 1871-இல் ஏற்கப்பட்டது. அதன் குழல்வாய் 11 மில்லிமீட்டர். பின்புறத்துத் தாழைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவாக இடுதல் வேண்டும். சுடுந்தோறும் எழும் கரிமருந்துப் புகை, சுடுவோன் நின்ற இடத்தைப் பகைவனுக்குக் காட்டிக் கொடுக்கும். 1895-இல் வந்த மான்லிக்கர் துப்பாக்கியோ 6.5 மில்லிமீட்டர் குழலுடையது. ஐந்து தோட்டாக்களை ஒருங்கே கொள்வது. புகையற்ற மருந்தால் இயங்குவது.

கருவி இங்ஙனம் திருந்தியும் அதனை ஏந்தும் கை யாருடையதென்பதே பெரிதாயிற்று. 1893-இல் தம்பக்கம் சேர்ந்த தெயுக்கு உமர் என்னும் தலைவருக்கு ஒல்லாந்தர் பட்டமும் துப்பாக்கிகளும் வழங்கினர். 1896-இல் அவர் அவற்றுடனேயே தம் மக்கள்பால் மீண்டார். 1899-இல் போரில் வீழுமளவும் அவற்றைக்கொண்டே பொருதார்.

நெடுந்துப்பாக்கி அடர்காட்டில் உதவாமை கண்டு, ஒல்லாந்தர் 1890-இல் மாரெசொசே என்னும் சிறுபடை வகுத்தனர். சுதேசச் சிப்பாய்கள் மிகுந்த அப்படையினர் குட்டைத் துப்பாக்கியும் கிளேவாங் என்னும் வெட்டுவாளும் தாங்கி, மூட்டைச் சுமையின்றி மலையுங்காடும் புகுந்தனர். பகைவர் வழியைப் பகைவரிடமே கற்றனர் என்க. 1903-இல் சுல்தான் சரணடைந்தார்.

அவ்வெற்றியின் விலை யாது? 1904 ஜூன் மாதத்தில் வான் டாலன் என்பாரின் படை கூதா ரே என்னும் ஊரைத் தாக்கியபோது 561 பேர் மடிந்தனர். அவருள் 189 பேர் பெண்கள், 59 பேர் குழந்தைகள். இக்கணக்கை எழுதி வைத்தோர் ஒல்லாந்தரே.

1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோதும் ஒல்லாந்தச் சேனையின் கையிலிருந்தது அம்மான்லிக்கர் துப்பாக்கியே. ஜப்பானியர் அச்சேயில் வந்திறங்குமுன்னரே அந்நாட்டார் கிளர்ந்தெழுந்தனர். மார்ச்சு 8-ஆம் தேதி ஒல்லாந்தச் சேனை சாவாவில் சரணடைந்தது. யுத்தத்தின் பின்னரும் அச்சேப் பெருநிலத்தில் ஒல்லாந்தர் ஆட்சி மீளவில்லை.

துப்பாக்கி நிலத்தைக் கவர்தல் கூடும். நிலத்தாரின் இசைவைப் பெறுதல் அதற்கு ஏலாது. அவ்விசைவின்றி நின்ற ஆட்சி, காவல் தளர்ந்த அன்றே வீழ்ந்தமை அறிவுடையோர் சிந்திக்கற்பாலது.